நோட்டு வாங்காத கடைகள்: தோட்டப்புறத்திலிருந்து பட்டணம் போகிறவர்களுக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் காலைச் சந்தை, ரொட்டி சானாய் கடை, முடிவெட்டும் கடை, கோயில் அர்ச்சனைச் சீட்டு என்று அன்றாடத்தில் பாதிக்கு மேல் நோட்டும் சில்லறையுமாகவே நடக்கிறது. அங்கிருந்து ரயிலேறி கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரலில் இறங்கியதும் வழக்கம் மாறிவிடுகிறது. ரேபிட் கேஎல் பஸ்ஸில் காசு வாங்கமாட்டார்கள். பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் நோட்டை நீட்ட ஆளே இருக்காது. சில காப்பிக் கடைகளில் பணப்பெட்டியே கிடையாது. இடுப்பில் 500 வெள்ளியை (ரிங்கிட்டை) முடிந்துகொண்டு போன பெரியவர் ஒரு வெள்ளி பஸ்ஸுக்கு வழியில்லாமல் நிற்பார். அது அவருடைய குற்றமில்லை. ஆனால் அந்த நேரத்தில் பணம் கட்டும் முகப்பில் நிற்கும் பிள்ளையிடம் வாதாடி எதுவும் ஆகாது. அந்தப் பிள்ளையிடம் மீதி கொடுக்கச் சில்லறையும் இருக்காது, வாங்கிய நோட்டை எழுதிவைக்க வழியும் இருக்காது.

இதற்கான ஏற்பாடு எல்லாம் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே, நம்முடைய ஊரிலேயே முடிந்திருக்க வேண்டும். கடை வாசலில் நின்றுகொண்டு செயலியை இறக்குவதும், மறந்துபோன ரகசிய எண்ணை யோசிப்பதும் கைகொடுக்காது.

கையில் இருக்க வேண்டியவை நான்கு: முன்கூட்டியே பணம் ஏற்றித் தட்டிக் கட்டும் டச் அண்ட் கோ அட்டை, வங்கியின் டெபிட் கார்டு, கைப்பேசியில் கியூஆர் சதுரப் படத்தை ஸ்கேன் செய்து கட்டும் வசதி, கொஞ்சம் சில்லறை நோட்டு. எல்லாருக்கும் நான்கும் வேண்டும் என்றில்லை. ஸ்மார்ட்போன் பிடிக்காதவர்கள் முதல் இரண்டையும் சில்லறையையும் வைத்துக்கொண்டே பெரும்பாலான இடங்களில் சமாளிக்கலாம். கைப்பேசியில் சார்ஜ் தீரும், நிலத்தடியில் லைன் கிடைக்காது. அட்டைக்கு அந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஆகவே அட்டையிலிருந்தே தொடங்குங்கள்.

டச் அண்ட் கோ அட்டை

பயணத்தில் முதலில் வேலைக்கு வருவது இதுதான். பிளஸ் நெடுஞ்சாலையின் டோல் சாவடிகள் 2017 ஏப்ரல் முதல் காசு வாங்குவதில்லை. எல்ஆர்டி, எம்ஆர்டி நகர ரயில்கள், ரேபிட் கேஎல் பஸ், பேரங்காடி கார் நிறுத்துமிடம் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே அட்டை போதும். கையிலிருக்கும் நோட்டை ‘தட்டும் காசாக’ மாற்ற இதைவிட எளிய வழி இல்லை. ஊரிலுள்ள எண்ணெய் நிலையத்திலோ 24 மணி நேரக் கடையிலோ நோட்டைக் கொடுத்து ‘தம்பா நிலாய்’ என்று சொன்னால் பணம் ஏற்றிக் கொடுப்பார்கள். 10 ரிங்கிட்டிலிருந்து ஏற்றலாம். சில இடங்களில் சேவைக் கட்டணமாக 50 காசு எடுப்பார்கள், அதற்காகப் புறப்படும் அன்று ஏற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பண்டிகைக்கு முதல் நாள் ஏற்றும் இயந்திரம் பழுதாகியிருந்தால் அடுத்த கடையைத் தேடி அலைய வேண்டிவரும்.

வீட்டில் வெகுநாளாகக் கிடக்கும் பழைய அட்டையை நம்பிப் போகாதீர்கள். ஊரிலேயே ஒருமுறை பணம் ஏற்றிப் பாருங்கள். காலாவதியான அட்டையில் பணம் ஏறாது. புதிது வாங்குவதாக இருந்தால், கைப்பேசியின் பின்புறத்தில் வைத்தே பணம் ஏற்றக்கூடிய என்எஃப்சி வகையைக் கேட்டு வாங்குங்கள். நடுவழியில் மீதி குறைந்தால் வெளியூரில் இருக்கும் உங்களுக்கு அது பெரிய உதவி. கைப்பேசியிலும் என்எஃப்சி இருக்க வேண்டும், விலை குறைந்த பல மாடல்களில் இருக்காது.

எவ்வளவு ஏற்றுவது? ரயிலில் போய் நகருக்குள் பஸ்ஸும் எல்ஆர்டியும் மட்டும் ஏறுகிறவர்களுக்கு ஆளுக்கு 30 ரிங்கிட் இரண்டு மூன்று நாளுக்குத் தாராளம். காரில் போய் வருகிறவர்கள் நகருக்குள் இருக்கும் சாவடிகளையும் கார் நிறுத்தும் கட்டணத்தையும் சேர்த்து 100 ரிங்கிட் ஏற்றிக்கொள்ளுங்கள். மீந்தது அட்டையிலேயே கிடக்கும், வீணாகாது.

இந்த அட்டையில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் மூன்றே வகை. முதலாவது, நுழையும்போது ஓர் அட்டை, வெளியேறும்போது வேறோர் அட்டை. ஈப்போவில் நெடுஞ்சாலை ஏறும்போது எந்த அட்டையைத் தட்டினீர்களோ, கோலாலம்பூர் ஜாலான் டூத்தாவில் இறங்கும்போதும் அதையே தட்ட வேண்டும். எங்கே ஏறினீர்கள் என்ற விவரம் அந்த அட்டைக்குள்தான் எழுதப்பட்டிருக்கிறது. மாற்றித் தட்டினால் தடுப்புக்கம்பி தூக்காது, அல்லது மிகத் தொலைவிலிருந்து வந்ததாகக் கணக்குப் போட்டுப் பணம் எடுத்துவிடும். எல்ஆர்டி வாயிலிலும் கார் நிறுத்துமிடத்திலும் இதே கதைதான். ஆகவே ‘டோல் அட்டை’ என்று ஒன்றை ஒதுக்கி, அதில் சிறு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

இரண்டாவது, பர்ஸோடு தட்டுவது. பர்ஸுக்குள் டச் அண்ட் கோ அட்டையும் டெபிட் கார்டும் ஒட்டியிருந்தால் கருவி எதைப் படிக்கும் என்று சொல்ல முடியாது. வங்கி அட்டையையும் ஏற்கும் கார் நிறுத்துமிடத்தில் உள்ளே போகும்போது டெபிட் கார்டைப் படித்திருக்கும். வெளியே வரும்போது நீங்கள் டச் அண்ட் கோ அட்டையை மட்டும் எடுத்து நீட்டுவீர்கள். பின்னால் பத்துக் கார் ஹார்ன் அடிக்கும்போது காரணம் புரியாது. அட்டையைத் தனியாக வெளியே எடுத்து, ‘பீப்’ சத்தம் கேட்டு, திரையில் மீதித்தொகை தெரியும்வரை அசையாமல் பிடியுங்கள். வேகமாக உரசிவிட்டு இழுத்தால் பாதிதான் படிக்கும்.

மூன்றாவது, ஒரே அட்டையில் குடும்பம் முழுவதும் போகப் பார்ப்பது. எல்ஆர்டி வாயிலில் ஓர் அட்டைக்கு ஓர் ஆள்தான். நான்கு பேர் போனால் நான்கு அட்டை வேண்டும், இல்லாதவர்கள் டோக்கன் வாங்க வேண்டும். டோக்கன் இயந்திரங்களிலும் எல்லாமே நோட்டு வாங்குவதில்லை. வாங்குகிற இயந்திரத்துக்கும் 50 வெள்ளி நோட்டு உதவாது, சிறிய நோட்டு வைத்திருங்கள்.

வங்கி அட்டை

பணம் எடுக்க மட்டும் ஏடிஎம்மில் சொருகும் அதே அட்டைதான் கடையிலும் கட்டும். கணக்கே இல்லாதவர்கள் மைகார்டோடு (அடையாள அட்டையோடு) வங்கிக்குப் போய் அடிப்படைச் சேமிப்புக் கணக்கு கேட்டால் 20 ரிங்கிட்டில் திறக்கலாம். சம்பளம் ஏறும் கணக்கு ஏற்கெனவே இருந்தாலும், பயணத்துக்கென்று தனிக் கணக்கு ஒன்று வைத்துக்கொள்வதையே நாங்கள் சொல்வோம். அதில் 300, 400 வெள்ளியை மட்டும் போடுங்கள். அட்டை தொலைந்தாலும் யாராவது ஏமாற்றினாலும் போவது அவ்வளவோடு நின்றுவிடும். ஆயுள் சேமிப்பு இருக்கும் கணக்கின் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் சுற்றுவது சரியில்லை.

ஊரிலேயே ஒரு முறை அந்த அட்டையால் ஏதாவது வாங்கிப் பாருங்கள். 250 ரிங்கிட் வரை ரகசிய எண் இல்லாமல் தட்டினாலே போதும். ஆனாலும் அடுத்தடுத்துப் பலமுறை தட்டினால் இடையில் ஒருமுறை ஆறிலக்க எண்ணைக் கேட்கும். எண் மறந்துபோய் மூன்று முறை தவறாக அழுத்தினால் அட்டை முடங்கும். அதைத் திறக்க வங்கிக்குத்தான் போக வேண்டும், சனி ஞாயிறானால் அதுவும் முடியாது. எண்ணை அட்டையின் பின்னால் எழுதிவைக்காதீர்கள். மகனிடமோ மகளிடமோ சொல்லி வையுங்கள்.

எண்ணெய் நிலையத்தில் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பம்ப்பிலேயே டெபிட் கார்டைச் சொருகினால், நீங்கள் 30 வெள்ளிக்கு ஊற்றினாலும் முதலில் 200 ரிங்கிட்டைப் பிடித்துவைக்கும். மிச்சம் திரும்பி வரச் சில நாள் ஆகலாம். கணக்கில் 250 மட்டும் வைத்திருப்பவருக்கு அதன்பிறகு சாப்பாட்டுக் கடையில் அட்டை ஓடாது, ஏன் என்றும் விளங்காது. உள்ளே முகப்புக்குப் போய், பம்ப் எண்ணையும் தொகையையும் சொல்லிக் கட்டினால் இந்தச் சிக்கல் இல்லை. நோட்டும் அங்கே செல்லும். ரோன்95 பெட்ரோலின் உதவி விலைக்கு மைகார்டு வேண்டும், அதை வீட்டில் விட்டுப் போகாதீர்கள்.

வேறு வங்கியின் ஏடிஎம்மில் பணம் எடுத்தால் ஒவ்வொரு முறைக்கும் 1 ரிங்கிட் கழியும்.

கைப்பேசியில் கியூஆர்

கடை முகப்பில் ரோஜா நிற முத்திரையோடு நிற்கும் சதுரப் படம் டூயிட்நவ் கியூஆர். எந்த வங்கியின் செயலியாக இருந்தாலும், டச் அண்ட் கோ மின்பணப்பையோ பூஸ்ட்டோ கிராப்போ எதுவாக இருந்தாலும் இந்த ஒரே படத்தை ஸ்கேன் செய்யலாம். ‘எங்கள் வங்கிப் படம் அங்கே இல்லையே’ என்று பலர் திரும்பிவிடுகிறார்கள். ரோஜா முத்திரை இருந்தால் போதும்.

தயார்செய்யும்போது கால அவகாசம் தேவைப்படுவது இதற்குத்தான். புதிய கைப்பேசியில் வங்கிச் செயலியைப் பதிந்ததும் உடனே பணம் கட்ட முடியாது. மோசடியைத் தடுக்க வங்கிகள் ஒரு காத்திருப்பு நேரம் வைத்திருக்கின்றன, பல வங்கிகளில் அது 12 மணி நேரம். பழைய போனை விற்றுவிட்டு புதுப் போனோடு காலை ரயிலேறினால் அன்று முழுக்கச் செயலி கைகொடுக்காது. மின்பணப்பைக்கும் மைகார்டைப் படமெடுத்து, முகத்தைக் காட்டி உறுதிசெய்ய வேண்டும். முகம் பதியும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வெளிச்சம் முன்னால் விழும்படி நில்லுங்கள். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் கறுத்துப்போய் நிராகரித்துவிடும். சிம் கார்டு உங்கள் பெயரிலேயே இருப்பது நல்லது. பேரனுடைய எண்ணில் பதிந்துவிட்டு, பேரன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபின் ரகசியக் குறுஞ்செய்தியை யார் வாங்கித் தருவது?

கட்டும் முறை இது:

1. செயலியைத் திறந்து ‘ஸ்கேன்’ அழுத்துங்கள். சமையலறையில் புழங்கும் போன் என்றால் கேமராக் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், முதலில் சட்டை நுனியால் துடையுங்கள். பிளாஸ்டிக் உறை போட்ட கியூஆர் படத்தில் விளக்கு வெளிச்சம் பட்டுத் தெறித்தால் போனைச் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள்.

2. திரையில் கடையின் பெயர் வரும். அதைப் படித்து, கடைக்காரரிடம் சொல்லி உறுதிசெய்யுங்கள். உண்மையான படத்தின்மேல் தங்களுடைய படத்தை ஒட்டிவைக்கும் ஏமாற்றுக்காரர்கள் உண்டு. கார் நிறுத்துமிடத் தூண்களிலும் கேட்பாரற்ற பலகைகளிலும் ஒட்டியிருப்பதை நம்பாதீர்கள்.

3. தொகையை ரசீதில் உள்ளபடியே அழுத்துங்கள். 7 ரிங்கிட் 98 காசு என்றால் காசாகக் கட்டும்போதுதான் 8 ஆக முழுமையாக்குவார்கள், ஏனென்றால் 1 காசு நாணயம் புழக்கத்தில் இல்லை. கியூஆரில் 7.98 என்றே கட்டலாம். புள்ளி விட்டுப்போனால் 798 ரிங்கிட் ஆகிவிடும். ‘உறுதி’ அழுத்துவதற்குமுன் ஒரு மூச்சு விட்டு, எண்ணை வாய்விட்டுப் படியுங்கள்.

4. ‘வெற்றி’ என்று வந்த திரையைக் கடைக்காரரிடம் காட்டுங்கள், அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

சில நேரம் பணம் உங்கள் கணக்கிலிருந்து கழிந்துவிடும், கடைக்காரர் ‘இன்னும் வரவில்லை’ என்பார். உடனே இரண்டாம் முறை கட்டாதீர்கள். செயலியின் பரிமாற்றப் பட்டியலைத் திறந்து, அந்தத் தொகை அங்கே இருக்கிறதா, எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். ஓரிரு நிமிடம் பொறுத்தால் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடும். அதற்குப் பிறகும் வராவிட்டால் குறிப்பு எண்ணைக் கடைக்காரருக்குக் காட்டி, அட்டையிலோ நோட்டிலோ கட்டிவிட்டு, வங்கியிடம் கேளுங்கள். கட்டவே முடியாமல் போவதற்கு இன்னொரு காரணம் நாள்வரம்பு. செயலியின் அமைப்பில் கியூஆர் வரம்பு 100 என்றோ 200 என்றோ சிறியதாக இருந்தால், குடும்பமாகச் சாப்பிட்ட பில்லில் தடுக்கிவிடும். புறப்படுமுன் அதை 300க்கு உயர்த்துங்கள், திரும்பியதும் இறக்கிவிடுங்கள்.

போனில் 30 விழுக்காட்டுக்குக் கீழே சார்ஜ் இறங்கவிடாதீர்கள், பவர்பேங்க் ஒன்று பையில் இருக்கட்டும்.

உட்காருவதற்கு முன் கேளுங்கள்

மனவருத்தத்தில் பாதி, சாப்பிட்டு முடித்தபின் தெரிய வருவதால் வருவது. வாசல் கண்ணாடியிலும் முகப்பிலும் ‘தன்பா துனாய்’ என்று இருந்தால் காசு இல்லாமல் என்று பொருள். ‘துனாய் தீடாக் டித்திரிமா’ என்றால் காசு ஏற்கப்படாது. ‘ஹன்ய காட்’ என்றால் அட்டை மட்டும். பலகை கண்ணில் படாவிட்டால், ஆர்டர் கொடுப்பதற்குமுன், ‘போலே பாயார் துனாய்?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. திரையில் தொட்டு ஆர்டர் செய்யும் கடைகளில் பெரும்பாலும் கடைசித் திரையில்தான் ‘முகப்பில் கட்டுக’ என்ற தேர்வு வரும், அதை அழுத்தினால் நோட்டோடு முகப்புக்குப் போகலாம். அந்தத் தேர்வு இல்லையென்றால் அங்கே நோட்டு செல்லாது.

கேட்காமல் சாப்பிட்டாகிவிட்டது, அட்டையும் ஓடவில்லை என்றால், கடையின் கியூஆரைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் பிள்ளைகளுக்கு அனுப்புங்கள். ஒட்டிவைத்திருக்கும் நிலையான படமாக இருந்தால், அவர்கள் வீட்டிலிருந்தே தங்கள் செயலியில் அந்தப் படத்தைத் திறந்து கட்டிவிடலாம். தொகையோடு கடையின் திரையில் தெரியும் படமாக இருந்தால் ஓரிரு நிமிடத்தில் காலாவதியாகும், ஆகவே பிள்ளை போனை எடுத்தபின் புதிதாக ஒன்று கேட்டு வாங்கி அனுப்புங்கள். இதை வீட்டில் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிட்டால் அங்கே பதற்றம் இருக்காது.

பக்கத்து மேசைக்காரரிடம் நோட்டைக் கொடுத்து அவர் ஸ்கேன் செய்வதும் நம் ஊர்ப்பழக்கத்தில் உண்டு. முகப்பிலேயே, கடைக்காரர் பார்க்க, அவர் கட்டியது ஏறியபின் நோட்டைக் கொடுங்கள். ஆனால் முன்பின் தெரியாதவர் வந்து ‘நான் காசு தருகிறேன், நீங்கள் எனக்காக இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்’ என்றால் மறுத்துவிடுங்கள். பெற்ற நோட்டு கள்ளநோட்டாக இருக்கலாம், அனுப்பிய கணக்கு மோசடிக் கணக்காக இருக்கலாம்.

சில்லறை இன்னும் எதற்கு

முழுதும் அட்டையை நம்பியும் போகக் கூடாது. கழிவறை, பத்துமலை அடிவாரத்துச் சிறு கடைகள், கோயில் உண்டியல், உள்ளூர்ச் சிறு பஸ், மின்சாரமோ இணையமோ அறுந்துபோன கடை, இவற்றுக்கெல்லாம் நோட்டுதான். 100 ரிங்கிட்டை பத்து, ஐந்து, ஒன்று என்று உடைத்து, கொஞ்சம் 20, 50 காசு நாணயத்தோடு வையுங்கள். உண்டியலில் சேர்த்த நாணயத்தை மூட்டையாகக் கொண்டுபோய்க் கடையில் கொட்டலாம் என்று நினைக்காதீர்கள். 2020 நாணயச் சட்டப்படி ஒரு பரிமாற்றத்துக்கு 25 நாணயம்தான் வரம்பு, அதற்கு மேல் கடைக்காரர் வாங்க வேண்டியதில்லை. ஊரிலேயே வங்கியில் கட்டி நோட்டாக மாற்றுங்கள்.

தங்கும் விடுதியில் முன்பணம் அட்டையில் பிடிப்பார்களா, கையில் வாங்குவார்களா என்று பதிவுசெய்யும்போதே கேளுங்கள். தெரு ஓரம் கார் நிறுத்த ஊருக்கு ஊர் செயலி வேறு. பேராக்கில் பார்க்@பேராக் போதும், கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் வேறு செயலிகள் வேண்டும். எந்த ஊருக்குப் போகிறீர்களோ அதைப் புறப்படுமுன் இறக்கி, கார் எண்ணைப் பதிந்து, 5 ரிங்கிட் போட்டுவையுங்கள். தாய்லாந்து எல்லையோர ஹட்ஜாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்கள், தங்கள் வங்கிச் செயலி தாய்லாந்தின் பிராம்ட்பேயையும் சிங்கப்பூரின் நெட்ஸ் கியூஆரையும் ஸ்கேன் செய்யுமா என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு வழக்கமாக மூடியே இருக்கும், செயலியிலோ வங்கியிலோ திறக்கச் சொல்ல வேண்டும்.

அட்டையோ போனோ தொலைந்தால் முதலில் வங்கியின் 24 மணி நேர எண்ணுக்கு அழைத்து முடக்குங்கள். ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால் வங்கிக்கும், மோசடிப் புகார் எண்ணான 997க்கும் உடனே சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன் பிடிக்க வேண்டும், நேரம் போகப் போக வாய்ப்பு குறையும். இந்த எண்களைப் போனில் மட்டும் வைத்திருந்தால் போன் தொலையும்போது அவையும் போய்விடும். தாளில் எழுதி, மைகார்டு இருக்கும் உறையில் போடுங்கள்.

வீடு திரும்பி மூன்று நாள் கழித்து பரிமாற்றப் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள். எண்ணெய் நிலையத்தில் பிடித்த 200, விடுதியில் பிடித்த முன்பணம் இரண்டும் திரும்பியிருக்க வேண்டும். ஒரு வாரமாகியும் வராவிட்டால் ரசீதை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய்க் கேளுங்கள். அதற்காக, பயணத்தில் கிடைத்த ரசீதுகளை அதுவரை தூக்கிப் போடாதீர்கள்.